ரூபாயா, யூரோவா? ஐரோப்பாவில் கார்டு மெஷின் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

ப்ராக் நகரின் பழைய சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஎம். எனக்குத் தேவைப்பட்டது 2,000 செக் கொருனா. கார்டைச் செருகி, பின் நம்பர் போட்டதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்தத் தொகையை இந்திய ரூபாயில் கணக்கிடலாமா, அல்லது மாற்றம் செய்யாமல் தொடரலாமா?

ரூபாய் என்ற பட்டன் பெரிதாக, பச்சையாக இருந்தது. பக்கத்தில் 'விகிதம் உறுதி' என்று வேறு போட்டிருந்தார்கள். மற்ற பட்டன் மூலையில், சாம்பல் நிறத்தில். நல்ல குளிர், பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள். தெரிந்த கரன்சியாச்சே என்று பச்சையை அமுக்கிவிட்டேன்.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து, வழக்கம்போல எல்லாச் செலவையும் ஷீட்டில் ஏற்றினேன் (டேட்டா ஜர்னலிஸ்ட் வேலையின் பக்கவிளைவு இது). அன்றைய விகிதப்படி சுமார் 8,200 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். கணக்கிலிருந்து போனது 9,100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஒரே ஒரு பட்டனுக்கு 11 சதவீதம்!

ஆபீஸில் ஐரோப்பா போய்வந்த நண்பர்களிடம் கேட்டால், பாதிப் பேர் அதே பச்சை பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறார்கள். சிலருக்கு அமுக்கியதே தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன், சுருக்கமாக டிசிசி. நீங்கள் உள்ளூர் கரன்சியைத் தேர்ந்தெடுத்தால், யூரோவை ரூபாயாக மாற்றும் வேலையை விசா அல்லது மாஸ்டர்கார்டு செய்யும். அந்த விகிதம் சந்தை விகிதத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். அதன் மேல் உங்கள் வங்கி தன் மார்க்கப்பைச் சேர்க்கும்.

ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், மாற்றும் வேலை அந்தக் கடையின் பேமென்ட் நிறுவனத்துக்கோ ஏடிஎம் நடத்துபவருக்கோ போய்விடுகிறது. விகிதத்தை அவர்களே வைக்கிறார்கள். கிடைக்கும் லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு உண்டு. சில இடங்களில் வெயிட்டர் உங்களைக் கேட்காமலே ரூபாயை அமுக்கிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

'சரி, ரூபாயில் கட்டினா வங்கி மார்க்கப் மிச்சம்தானே?' என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது அடி. வெளிநாட்டு இடத்தில் ரூபாயில் நடக்கும் பரிவர்த்தனைக்கு பல இந்திய வங்கிகள் 1 சதவீதம் அளவில் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன, அதற்கு மேல் ஜிஎஸ்டியும் உண்டு.

கணக்காகப் பார்ப்போம். வசதிக்காக ஒரு யூரோ 100 ரூபாய். ஹோட்டல் பில் 200 யூரோ, அதாவது 20,000 ரூபாய்.

மார்க்கப் இல்லாத கார்டில் யூரோவைத் தேர்ந்தெடுத்தால்: ரூ.20,000.

3.5 சதவீத மார்க்கப் உள்ள சாதாரண கார்டில் யூரோவைத் தேர்ந்தெடுத்தால்: மார்க்கப் 700, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126. மொத்தம் ரூ.20,826.

அதே சாதாரண கார்டில் ரூபாயைத் தேர்ந்தெடுத்து, மெஷின் 8 சதவீதம் கூட்டி வைத்திருந்தால்: 21,600, வங்கியின் 1 சதவீதம் 216, அதற்கு ஜிஎஸ்டி 39. மொத்தம் ரூ.21,855.

ஒரு பில்லுக்கே 1,855 ரூபாய் வித்தியாசம். பத்து நாள் பயணத்தில் 2,000 யூரோ கார்டில் செலவழித்தால் இது 18,000 ரூபாயைத் தாண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறோம் என்பதை மாற்றிக் கொடுப்பவர் காட்ட வேண்டும். இது ஐரோப்பியர்களின் கார்டுகளுக்காக எழுதப்பட்ட விதிதான். ஆனாலும் நம் கார்டைப் போடும்போதும் பல திரைகளில் அந்த வரி வருகிறது, சின்ன எழுத்தில். ப்ராக் திரையிலும் இருந்திருக்கும். நான் படிக்கவில்லை.

செய்ய வேண்டியது சுலபம். மெஷினில் எப்போதும் உள்ளூர் கரன்சி. ஏடிஎம்மில் 'மாற்றம் வேண்டாம்' என்ற பட்டனை அமுக்கினால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை, பணம் வரும். ரெஸ்டாரன்டில் கார்டைக் கொடுக்கும்போதே 'யூரோ' என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் ரூபாய் என்று வந்துவிட்டால், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். எந்தக் கரன்சி என்று தேர்வு செய்யும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலும் இருக்கிறது. வெளியே வந்த பிறகு வங்கியிடம் வாதாடுவது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

இது கடையோடு முடிவதும் இல்லை. ஐரோப்பிய ரயில், ஹோட்டல் தளங்களில் விலையை ரூபாயில் காட்டி, ரூபாயிலேயே கட்டச் சொன்னாலும் கதை இதேதான்.

எந்த கார்டு எடுத்துப் போகலாம்?

கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு. மூன்றுக்கும் வேலை வேறு வேறு.

கடை, ஹோட்டல், டிக்கெட் எல்லாவற்றுக்கும் மார்க்கப் இல்லாத கிரெடிட் கார்டுதான் என் முதல் தேர்வு. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, மார்க்கப் உண்மையிலேயே பூஜ்ஜியமா அல்லது ரிவார்டு பாயின்டாகத் திரும்ப வருமா என்பதை மட்டும் பாருங்கள். அந்த கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். மார்க்கப் இல்லாவிட்டாலும், கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

பணம் எடுக்க டெபிட் கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு. பெரும்பாலான வங்கிகள் டெபிட் கார்டில் ஒவ்வொரு முறைக்கும் 100 முதல் 150 ரூபாய் வரை கட்டணமும், அதற்கு மேல் மார்க்கப்பும் எடுக்கின்றன. அதனால் 20, 20 யூரோவாக அஞ்சு தடவை எடுப்பதைவிட ஒரே தடவை 100 எடுப்பது மேல். சுற்றுலா இடங்களில் தனியாகச் சுவரில் நிற்கும் மெஷின்களைத் தவிர்த்துவிட்டு, நிஜ வங்கிக் கிளையோடு ஒட்டியிருக்கும் ஏடிஎம்மைத் தேடுங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டின் பலம், கிளம்பும் முன்பே விகிதத்தைப் பூட்டிவிடலாம் என்பது. பலவீனம் இரண்டு. ஒன்று, 'மார்க்கப் இல்லை' என்று விளம்பரம் செய்தாலும், கார்டில் யூரோ ஏற்றும்போது வங்கி கொடுக்கும் விகிதத்திலேயே அதன் லாபம் ஒளிந்திருக்கும். அன்றைய சந்தை விகிதத்தைக் கூகுளில் பார்த்து ஒப்பிட்டுவிட்டு ஏற்றுங்கள். இன்னொன்று, யூரோ மட்டும் ஏற்றிய கார்டை ஸ்விட்சர்லாந்தில் தேய்த்தால், யூரோவிலிருந்து ஃபிராங்குக்கு மாற்ற 3.5 சதவீதம் வரை பிடிப்பார்கள்.

ஷெங்கன் விசா ஒன்றுதான், கரன்சி ஒன்றல்ல என்பதை நம்மில் பலர் அங்கே போய்த்தான் கற்றுக்கொள்கிறோம். செக் குடியரசில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்வோட்டி, ஸ்வீடன், டென்மார்க், நார்வேயில் அவரவர் குரோனா. குரோஷியா 2023 ஜனவரியிலும் பல்கேரியா 2026 ஜனவரியிலும் யூரோவுக்கு மாறிவிட்டன. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போய் அங்கே குனாவும் லெவும் தேடாதீர்கள்.

நெட்வொர்க்கையும் பாருங்கள். இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் ரூபே கார்டு அங்கே வேலை செய்யாது. சர்வதேச ரூபே கார்டு டிஸ்கவர் போன்ற நெட்வொர்க்குகள் வழியாக ஓடும். ஆனால் ஐரோப்பியக் கடைகளில் விசா, மாஸ்டர்கார்டு அளவுக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். நீங்கள்தான் வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன், டேப் செய்வது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். லிமிட்டையும் அங்கேயே வைக்கலாம். கிரெடிட் கார்டுக்கும் பின் நம்பர் வைத்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் பொதுவாக 50 யூரோவுக்கு மேல் டேப் செய்தால் மெஷின் பின் கேட்கும்.

கையில் எவ்வளவு காசு வேண்டும்?

'ஐரோப்பா முழுக்க கார்டுதான்' என்பது பாதி உண்மை. ஐரோப்பிய மத்திய வங்கியின் 2024-ம் ஆண்டு ஆய்வின்படி, யூரோ நாடுகளில் கடைகளில் நடந்த பரிவர்த்தனைகளில் எண்ணிக்கையில் 52 சதவீதம் ரொக்கம்தான். நெதர்லாந்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 22 சதவீதம். ஒரே கரன்சி, ரயிலில் சில மணி நேர தூரம், பழக்கம் தலைகீழ்.

ஜெர்மனியில் இது நன்றாகவே தெரியும். சின்ன பேக்கரி, கபாப் கடை, கிறிஸ்துமஸ் சந்தை என்று பல இடங்களில் ரொக்கம் மட்டும்தான். அதைவிடக் குழப்பம், 'கார்டு வாங்குவோம்' என்று போர்டு இருக்கும், உள்ளே போனால் ஜிரோகார்டு மட்டும்தான் எடுப்பார்கள். அது ஜெர்மனியின் உள்நாட்டு டெபிட் கார்டு முறை. நம் விசா அங்கே செல்லாது. நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் எதிர்ப் பிரச்னை. காபிக்கு 10 யூரோ நோட்டை நீட்டினால், ரொக்கம் வாங்குவதில்லை என்ற பலகையைக் காட்டுவார்கள். நெதர்லாந்தில் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் கார்டை டேப் செய்தே பயணம் செய்யலாம். இறங்கும்போதும் அதே கார்டை டேப் செய்ய மறக்கக் கூடாது.

யூரோ நாடுகளுக்குப் போகும் ஒருவருக்கு நான் சொல்வது, சென்னையிலிருந்தே 150 முதல் 200 யூரோ, அதுவும் 5, 10, 20 நோட்டுகளாக. விமான நிலையக் கவுன்டரில் மாற்றாதீர்கள், அங்கே விகிதம் மோசமாக இருக்கும். இந்திய ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்ற நினைப்பும் வேண்டாம். கையில் எப்போதும் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். ரயில் நிலையக் கழிப்பறைக்கே 1 யூரோ வரை ஆகும். அவசரத்துக்குப் போய் நிற்கும்போது 50 யூரோ நோட்டால் ஒரு பயனும் இல்லை.

சில நகரங்களில் ஹோட்டல் புக் செய்யும்போது சுற்றுலா வரி சேர்ந்திருக்காது, அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். இத்தாலியில் சில சின்ன விடுதிகள் அதை ரொக்கமாகக் கேட்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் இந்த வரி அறை வாடகையில் 12.5 சதவீதம். பட்ஜெட் போடும்போது இதைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு நிச்சயம் உதைக்கும்.

யுபிஐ வேலை செய்யாதா?

ஐஃபல் டவர் டிக்கெட்டை யுபிஐ மூலம் வாங்கலாம் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பாரிஸின் லாஃபாயெட் கேலரி கடையிலும் வந்தது. யுபிஐயை ஐரோப்பிய மத்திய வங்கியின் உடனடிப் பணப்பரிமாற்ற அமைப்பான டிப்ஸுடன் இணைக்கும் வேலை அடுத்த கட்டத்துக்குப் போவதாக 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. செய்தியாக நல்ல செய்திதான். பயணத்துக்கு இதை நம்பிக் கிளம்ப முடியாது. தெருமுனைக் கடையில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்காது.

டிசிஎஸ் பிடிப்பார்களா?

நிறைய பேர் குழம்பும் இடம். ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றுவது, ரொக்கமாக யூரோ வாங்குவது, டெபிட் கார்டை வெளிநாட்டில் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்துக்குள் வரும். ஆண்டு வரம்பு ஒருவருக்கு 2,50,000 டாலர். 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்குத்தான் டிசிஎஸ், பயணத்துக்கு என்றால் 20 சதவீதம். தனியாகப் பத்து நாள் போய்வரும் ஒருவருக்கு இது பெரும்பாலும் வராது.

வெளிநாட்டில் இருக்கும்போது தேய்க்கும் கிரெடிட் கார்டையும் இதற்குள் கொண்டுவருவதாக 2023 மே மாதம் அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அடுத்த மாதமே தள்ளிவைத்தது. அந்த நிலை அப்படியே தொடர்கிறது. ஆனால் டிராவல் கம்பெனியிடம் விமானம், ஹோட்டல், சுற்றிப்பார்ப்பது எல்லாம் சேர்த்து பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு.

பிடித்த பணம் போய்விடாது. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரிலிருந்து, சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே இதைச் சரிசெய்யச் சொல்லி அலுவலகத்தில் கேட்கலாம். ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நோட்டாகக் கொண்டுபோக ஒரு பயணத்துக்கு வரம்பு 3,000 டாலர் மதிப்பு. 10,000 யூரோவோ அதற்கு மேலோ கையில் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை வராது என்று நினைக்கிறேன்.

பணம் திடீரென்று மாட்டிக்கொண்டால்?

வாடகை கார் எடுக்கும்போதும், சில ஹோட்டல்களில் செக்-இன் செய்யும்போதும் ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். செலவாகாது, ஆனால் உங்களுக்கும் கிடைக்காது. ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்கிலும் இதே கதை, 40 யூரோவுக்கு டீசல் போட்டாலும் நூறுக்கு மேல் பிடித்துவிடும். கிரெடிட் கார்டில் லிமிட்தான் குறையும். டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டு என்றால் சொந்தப் பணமே பூட்டிக்கொள்ளும், திரும்ப வர நாள்கணக்கில் ஆகலாம். பல கார் நிறுவனங்கள் ஃபாரெக்ஸ் கார்டை வாங்குவதே இல்லை. ஓட்டுபவரின் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, போன் திருட்டு. பார்சிலோனா மெட்ரோவும் ரோம் டெர்மினி நிலையமும் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனவை. போன் போனால் ஓடிபி வரும் சிம் போச்சு, வங்கி ஆப் போச்சு, கார்டை பிளாக் செய்யும் வழியும் போச்சு. அதனால் வங்கியின் உதவி எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். 1800-ல் தொடங்கும் இலவச எண் அங்கிருந்து பெரும்பாலும் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து அழைக்க வங்கி தனி எண் கொடுத்திருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கார்டு பர்ஸில் இருக்கவே கூடாது. ஜோடியாகப் போகிறவர்கள் இரண்டு வங்கி, இரண்டு நெட்வொர்க் என்று பிரித்துக்கொள்ளலாம்.

திருடப்பட்ட கார்டில் பணம் போனால் பொறுப்பு யாருடையது? ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாமல் வேறெங்கோ நடந்திருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. பின் நம்பரை கார்டோடு சேர்த்து எழுதி வைத்திருந்தது போன்ற அலட்சியம் என்றால், நீங்கள் புகார் செய்யும் நேரம் வரையிலான இழப்பு உங்கள் தலையில்தான். அதனால் எஸ்எம்எஸ் அறிவிப்பு முக்கியம். அங்கே போய் உள்ளூர் இ-சிம் வாங்கினாலும், இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். திறக்காவிட்டால் ஓடிபியும் வராது, எச்சரிக்கையும் வராது.

ஷாப்பிங் வரி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். ஜெர்மனியில் வாட் வரி 19 சதவீதம், பிரான்ஸில் 20, இத்தாலியில் 22. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் பொருளை வெளியே எடுத்துப் போனால் அதைத் திரும்பப் பெறலாம். குறைந்தபட்ச பில் தொகை நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70-க்கு மேல், ஸ்பெயினில் வரம்பே கிடையாது. இடையில் இருக்கும் ரீஃபண்ட் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் முழு வரியும் கைக்கு வராது.

கவனிக்க வேண்டியது, ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் சுங்க முத்திரை வாங்க வேண்டும். பாரிஸில் வாங்கி, ரயிலில் சூரிக் போய், அங்கிருந்து சென்னை விமானம் என்றால் கடைசி இடம் சூரிக் விமான நிலையம் அல்ல, பிரான்ஸ் எல்லை. ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ரீஃபண்டை ரூபாயில் தரட்டுமா என்று கேட்டால், அங்கேயும் அதே பதில்: யூரோ.

மிச்சம் வந்த யூரோவை என்ன செய்வது?

2,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாட்களுக்குள் வங்கியிடமோ அங்கீகாரம் பெற்ற பணம் மாற்றுபவரிடமோ கொடுத்துவிட வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருந்தால் சும்மா விடாதீர்கள், பயன்படுத்தாமல் கிடந்தால் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கும். நாணயங்களை இங்கே பொதுவாக யாரும் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் காபிக்கு எண்ணிக் கொடுத்து முடித்துவிடுங்கள். அங்கே வரிசையில் நிற்பவர்கள் கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை.